ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளியில் இடம்: குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரு காகிதம் வந்த பிறகுதான் அடுத்த வேலை என்று காத்திருப்பதில்தான் பலருக்கும் ஒரு வருடம் போய்விடுகிறது. பயிற்சி, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், பள்ளி மூன்றையும் ஒரே சமயத்தில் நகர்த்த முடியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

பிள்ளைக்கு மூன்று வயது ஆகிறது. இப்போதே சிறப்புப் பள்ளி தேட வேண்டுமா?

பள்ளி வேண்டாம், பயிற்சி மையம் தேடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 31-வது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். ஆறு வயதுக்குக் கீழே இந்த உரிமை இல்லை. அந்த வயதுக்கு உரியது ஆரம்பநிலைப் பயிற்சி. அதாவது ஆக்குபேஷனல் தெரப்பி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஸ்பீச் தெரப்பி (பேச்சுப் பயிற்சி), சிறப்பாசிரியரின் தனிப் பயிற்சி, கூடவே வீட்டில் பெற்றோர் செய்யும் பயிற்சி.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பயிற்சி மையத்தில் ஒரு வருடம் போன பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்குக் காட்ட ஒரு ரிப்போர்ட் இருக்கும். உட்காருமா, கழிப்பறை பழகியதா, எதற்கு அழும் என்று எழுதிய ரிப்போர்ட்டோடு வருகிற பிள்ளைக்கு இடம் கொடுக்கப் பள்ளிகள் தயங்குவது குறைவு.

பக்கத்து அங்கன்வாடியிலும் பெயரைச் சேர்த்து வையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் மற்றப் பிள்ளைகளோடு இருந்தால்கூட நல்லதுதான்.

டாக்டர் வாயால்தான் "ஆட்டிசம் மாதிரி இருக்கு" என்றார். எங்கிருந்து தொடங்குவது?

எழுத்தில் வாங்குவதிலிருந்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கும் மனநலப் பிரிவுக்கும் போங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் குறை இல்லை என்று உறுதியாகாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. இந்தச் சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டியிருக்கலாம். அதனால் முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டிப்போங்கள். பாதிப் பேர் திரும்பி வந்து இன்னொரு நாள் போவது இதைச் செய்யாததால்தான்.

அடுத்தது வளர்ச்சி மதிப்பீடு. இந்தியாவில் சான்றிதழுக்குப் பயன்படும் அளவுகோலின் பெயர் ஐசா. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே மொத்தம் 40-க்குக் குறையாது, 200-ஐத் தாண்டாது. 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். கேள்விகளில் பல உங்கள் பதிலை நம்பித்தான் நிற்கின்றன. "சில நேரம் பார்ப்பான்" என்று சமாளித்துச் சொன்னால் மதிப்பெண் குறையும். நல்ல நாளை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள், சராசரி நாளைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில், பஸ்ஸில், முடிவெட்டும் கடையில் எடுத்த மூன்று நான்கு செல்போன் வீடியோக்களைக் கையில் வைத்திருங்கள். மதிப்பீட்டு அறையில் பிள்ளை அமைதியாக உட்கார்ந்துவிட்டால் அவை உதவும்.

யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை எப்படி வாங்குவது? எங்கே சிக்குகிறது?

விண்ணப்பம் இணையத்தில்தான். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில் நீங்களே போடலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போடலாம். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், முகவரிச் சான்று, இருக்கிற மருத்துவ ரிப்போர்ட்டுகள் வேண்டும். மருத்துவமனையைத் தேர்வு செய்யும் இடத்தில் நம் மாவட்டத்தையே கொடுங்கள். பிறகு மருத்துவ வாரியத்தின் முன் பிள்ளையை நேரில் காட்ட வேண்டும். எந்தக் கிழமை வாரியம் கூடுகிறது, மனநல மருத்துவரும் உளவியலாளரும் அன்று இருப்பார்களா என்று முந்தின வாரமே கேட்டுவிட்டுப் போங்கள்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லாமல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் ஒட்டி, ரேஷன் கார்டில் வீட்டுச் செல்லப்பெயர் என்று மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கும். முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்து, அதை வைத்து ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரை முதலில் திருத்தினால் இரண்டு முறை அலைய வேண்டும். அடுத்த சிக்கல் நீலநிறக் குழந்தை ஆதார். அதில் கைக்குழந்தைப் படம் இருக்கும். 5 வயது ஆனதும் கைரேகை, கருவிழி பதிந்து புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். வீட்டில் ஒரு வாரம் கண்ணாடித் துண்டின் மேல் விரல்களை அழுத்தி "ஒன்று, இரண்டு, மூன்று, எடு" என்று விளையாட்டாகப் பழக்கிவிட்டால் அங்கே கையை இழுப்பது குறையும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள். முடியும் தேதியைப் பார்த்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போடுங்கள். சான்றிதழ் காலாவதியாகி உதவித்தொகை நின்றுபோனால் அதைத் திரும்ப ஓடவைப்பது பெரிய வேலை.

அட்டை வருவதற்கு முன் பள்ளியில் கேட்கலாமா?

தாராளமாக. விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டும் மருத்துவ ரிப்போர்ட்டும் போதும், பிள்ளையைப் பார்க்கவும் பெயரைக் குறித்து வைக்கவும். அட்டை இல்லாமல் கேட்கவே கூடாது என்று யாராவது சொன்னால் அது அவர்களின் வசதிக்காகச் சொல்வது.

சதவீதம் 40-க்குக் கீழே வந்துவிட்டது. என்ன செய்வது?

வெள்ளை நிற யுடிஐடி அட்டை கிடைக்கும், ஆனால் 31-வது பிரிவின் உரிமையும் பெரும்பாலான உதவிகளும் கிடைக்காது. மதிப்பீடு பிள்ளையின் நிலையைக் காட்டவில்லை என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். பயிற்சி மைய ரிப்போர்ட், வீடியோ, அங்கன்வாடி ஆசிரியரின் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். உண்மையிலேயே லேசான நிலை என்றால் சிறப்புப் பள்ளியைத் துரத்த வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சாதாரணப் பள்ளியில் ஒரு நல்ல சிறப்பாசிரியரின் துணை.

மாவட்டத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பட்டியலை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற சிறப்புப் பள்ளிகள், ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள், அரசு மானியம் பெறுபவை எவை என்பதெல்லாம் அங்கே தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையம் உங்கள் பக்கம் இயங்குகிறதா என்றும் கேளுங்கள்.

மானியம் பெறும் தொண்டு நிறுவனப் பள்ளிகளில் கட்டணச் சுமை இருக்காது. ஆனால் அவற்றில் பல, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சேர்ப்பார்கள், சத்தமும் கூட்டமும் ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தனியார் தெரப்பி மையங்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கூடுதலாக உள்ளன. பலவும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவை. பெயர்ப்பலகையில் பள்ளி என்று இருந்தாலும் பதிவு இல்லாமல் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி என்ற அரசுத் திட்டத்தின் வட்டார வள மையம் அது. அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டார், மேல்புறம், முன்சிறை, கிள்ளியூர் என ஒன்பது ஒன்றியங்களில் உங்களுடையது எதுவோ அங்கே போய்ச் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். பகல்நேர மையம், மருத்துவ மதிப்பீட்டு முகாம், வீட்டுக்கு வந்து தரும் பயிற்சி எல்லாம் இவர்கள் வழிதான். கடும் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பள்ளிக்குப் போக முடிகிற பிள்ளையை "வீட்டுப் பயிற்சியே போதும்" என்று ஒதுக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஓரிரு முறை வந்துபோவது பள்ளிக்கு ஈடாகாது.

பள்ளியைப் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை விட்டுவிட்டுக் கழிப்பறையைப் பாருங்கள். பிள்ளை உயரத்துக்குக் குழாய் இருக்கிறதா, உதவிக்கு ஆள் இருக்கிறதா, தாழ்ப்பாள் உள்ளே மட்டும்தானா என்று பாருங்கள். பிறகு வாசல். ஓடிவிடும் பிள்ளைக்கு வாசல் கேட் பூட்டும் வழக்கம் முக்கியம். சாலையோரமோ குளத்தங்கரையோ உள்ள கட்டிடம் என்றால் இரண்டு மடங்கு முக்கியம். நம் ஊரில் குளமும் சானலும் இல்லாத பக்கம் குறைவு.

ஆசிரியரின் ஆர்சிஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்யாதவர் சிறப்பாசிரியராக வேலை பார்க்கக் கூடாது. கேட்டதும் எண்ணைச் சொல்பவர்களிடம் பிரச்சினை இருக்காது. முகம் சுளிப்பவர்களிடம் இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். சிறப்புப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள 5 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது மறுவாழ்வுக் கழகம் சொன்ன அளவு. 12 பிள்ளைகளை ஒரு ஆசிரியரும் ஒரு ஆயாவும் பார்க்கும் வகுப்பில் உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

தெரப்பி தனியாகவா கூட்டமாகவா, வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "தினமும் தெரப்பி உண்டு" என்பார்கள். விசாரித்தால் பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்து அரைமணி நேரம் ஊஞ்சல் ஆட்டுவதாக இருக்கும். தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறார்களா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்களா, எந்தப் பட்டியலை வைத்து அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 18 பிரிவுகளில் 360 திறன்களை அளக்கும் எம்டிபிஎஸ் பட்டியல் தமிழ்நாட்டுச் சிறப்பாசிரியர்களுக்குப் பழக்கமானது. அதிலேயே உங்கள் பிள்ளையின் இடத்தைக் காட்டச் சொல்லலாம்.

கோபம் வந்து தரையில் விழுந்து புரளும் பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கட்டிவைப்போம், இருட்டறையில் விடுவோம் என்பது பதிலானால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்க்கை நாளில் பிள்ளையைப் பார்ப்பார்களாமே, எப்படித் தயார் செய்வது?

பிள்ளையை மாற்ற முடியாது, அந்த நாளை மாற்றலாம். வெயிலுக்கு முன், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நேரம் கேளுங்கள். புதுச்சட்டை வேண்டாம், கழுத்துப் பட்டை உறுத்தினால் அன்றைய காரியம் கெட்டது. விருப்பமான தின்பண்டத்தை, நேந்திரம் சிப்ஸ் என்றால் அதையே, நகம் அளவுக்கு உடைத்து டப்பாவில் எடுத்துப் போங்கள். ஆசிரியர் ஒரு வேலை சொல்லிப் பிள்ளை செய்தால் ஒரு துண்டு. முழுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டால் பிறகு ஆசிரியருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஒரு பக்கத்தில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: எதைச் சாப்பிடும், எதை வாயில் வைக்காது, சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் (மிக்ஸியா, கோயில் வெடியா, செண்டையா), எதைப் பார்த்தால் ஓடும், வலிப்பு வந்ததுண்டா, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, அழுதால் எது அடக்கும். வலிப்பை மறைத்துவிட்டுச் சேர்ப்பது ஆபத்து. பள்ளியில் வந்தால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

அன்று கூட்டிப்போக வேண்டியவர், பிள்ளையோடு அதிகம் இருப்பவர். பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ. சொந்தக்காரர் நான்கு பேர் கூடப் போவது பிள்ளைக்கும் பள்ளிக்கும் தொல்லை.

"இடம் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள்" என்கிறார்கள்.

வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். இரண்டு படி விண்ணப்பம் எழுதி, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது என்று கேளுங்கள். ஜூன் மாதம் நிரம்பிய வகுப்பில் ஆகஸ்ட், செப்டம்பரில் இடம் விழுவதுண்டு. வேன் ஒத்துவராமலோ தூரத்தாலோ சிலர் நின்றுவிடுவார்கள். மாதம் ஒருமுறை போனில் கேட்பவர்தான் அந்த இடத்தைப் பிடிப்பார்.

பிள்ளைக்கு 6 வயது முடிந்து, 40 சதவீதச் சான்றிதழும் இருந்தால் 31-வது பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மனுவில் கதை வேண்டாம். பிள்ளையின் வயது, சதவீதம், எந்தப் பள்ளியில் எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில், இப்போது என்ன வேண்டும், இவ்வளவு போதும்.

சாதாரணப் பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போனால் "எங்களால் பார்க்க முடியாது" என்கிறார்கள். 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே?

இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வரும், வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. நம் பக்கம் நல்ல பெயருள்ள பள்ளிகளில் பல, சிறுபான்மை அந்தஸ்து உள்ளவை. அங்கே 25 சதவீதம் பேசிப் பயனில்லை.

அங்கே பேச வேண்டியது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-வது பிரிவு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். இருந்தாலும் வழக்கு மிரட்டலோடு தொடங்குவதை நாங்கள் சொல்லமாட்டோம். பிள்ளையைத் தினமும் பார்க்கப்போவது அந்த ஆசிரியர்தான். முதலில் தினம் இரண்டு மணி நேரம், வட்டாரச் சிறப்புப் பயிற்றுநரின் வருகை என்று ஒரு திட்டத்தை முன்வையுங்கள். பாதிப் பள்ளிகள் பயத்தில்தான் மறுக்கின்றன.

திருவனந்தபுரத்தில் பார்த்த ரிப்போர்ட் இங்கே செல்லுமா?

மருத்துவ ரிப்போர்ட்டாகச் செல்லும். மேற்குப் பகுதி வட்டாரங்களிலிருந்து ஆக்குளம் நிஷ் (பேச்சு, செவித்திறன் நிறுவனம்), மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையம் ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் நிறைய. அந்த மதிப்பீடுகளை நம் வாரியத்தில் தாராளமாகக் காட்டலாம். யுடிஐடிக்கு மட்டும் சொந்த மாவட்டத்தில் வாரியத்தின் முன் போக வேண்டும். தமிழ்நாட்டு உதவிகள் எல்லாம் இங்குள்ள அலுவலகம் வழியாகத்தான் வருகின்றன.

பயிற்சி மொழியை யோசியுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு மையத்தில் மலையாளத்தில் "வெள்ளம்", வீட்டில் "தண்ணி", பள்ளியில் "வாட்டர்" என்றால் குழப்பம்தான். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் அதிகமாகாது, பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டு வாங்கப் பழக்கும் முதல் இருபது சொற்களையாவது எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். பட அட்டை பயன்படுத்தினால் அதே அட்டையின் இன்னொரு செட் வீட்டிலும் இருக்கட்டும்.

அப்பா வெளிநாட்டில். கையெழுத்துக்கு என்ன செய்வது?

அம்மாவே பெற்றோராக எல்லா விண்ணப்பத்திலும் கையெழுத்திடலாம். தொடர்பு எண்ணாக இங்கே இருக்கும் செல்போனையே கொடுங்கள். ஓடிபி கல்ஃபில் இருக்கும் சிம்முக்குப் போனால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து தவிக்க வேண்டியதுதான்.

வேன் தூரம் எவ்வளவு வரை சரி?

ஆறு வயதுக்குள் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்போம். தூரம் பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் வேன் எல்லா ஊரும் சுற்றி வரும். மேல்புறம், திருவட்டார் பக்கத்து வளைவுச் சாலைகளில் பிள்ளை வாந்தி எடுத்தால் அன்று வகுப்பு போனது போலத்தான். முதல் வாரம் நீங்களே கூட்டிப்போங்கள், பிறகு வேனில் நீங்களும் ஏறுங்கள், அதற்குப் பிறகு தனியாக. வேனில் ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் இருப்பது கட்டாயம். அரசுப் பேருந்தில் போவதானால் பயண அட்டைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், துணைக்கு வருபவருக்கும் சேர்த்தே.

பண உதவி என்னென்ன?

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழில் இருந்தால் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். அதனால் ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருக்கிறது என்று மருத்துவர் கருதினால் இரண்டும் சான்றிதழில் வந்திருக்கிறதா என்று வாரியத்திலிருந்து கிளம்பும் முன் பாருங்கள்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கிடைக்கும். தெரப்பிச் செலவுக்கும் அதில் தனி வரம்பு உண்டு. முதலில் நீங்கள் செலவழித்துப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். பில்லில் பிள்ளையின் பெயர், தேதி, தெரப்பியின் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் ரசீது செல்லாது. வருமான வரி கட்டுபவர் பழைய முறையில் இருந்தால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு பெறலாம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் பள்ளியே வேண்டாம் என்கிறார்களே?

அந்த ஊசி வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் நான்கைந்து வருடத் தெரப்பி நடக்கும்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, தினமும் அழுகை. நிறுத்திவிடலாமா?

முதல் ஆறு வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். எப்போது அழுகிறது என்று பாருங்கள். வாசலில் விடும்போது அழுது பத்து நிமிடத்தில் அடங்கினால் அது பிரிவின் ஏக்கம், தானாகத் தேயும். மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும் என்றால் சத்தமோ சாம்பார் வாசனையோ காரணமாக இருக்கலாம். தனி மூலையில் வீட்டுச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பில் தடயம், கழிப்பறைக்குப் போகவே பயம், பழகிய திறன் திடீரென்று போவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எல்லாமே அழுகையாகத்தான் வரும், அதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பிறகு சாதாரணப் பள்ளிக்கு மாற்ற முடியுமா?

முடியும். சிறப்புப் பள்ளியில் இருக்கும்போதே பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறைப் பதிவில் மாணவருக்கான எண்) இருக்கிறதா என்று வட்டார வள மையத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாறும் நேரத்தில் மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு தனிநபர் கல்வித் திட்டங்கள், தெரப்பிஸ்ட் எழுதிய சுருக்கக் குறிப்பு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரேயடியாக மாற்றாமல், ஒரு பருவம் வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று இரண்டு தலைமையாசிரியர்களையும் ஒத்துக்கொள்ளவைக்க முடிந்தால் நல்லது. புதுப் பள்ளியில் வகுப்பறை, கழிப்பறை, வாசல் இவற்றின் படங்களை ஏப்ரலிலேயே செல்போனில் எடுத்து வந்து, மே மாதம் முழுக்கப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருங்கள்.